கடப்பாரைக்குக் காத்திருக்கும் வீடு

போன மாதம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்து சீட் நண்பர் போனை என் பக்கம் திருப்பி ஒரு விளம்பரத்தைக் காட்டினார். அவர் ஈரான்காரர், யஸ்த் நகரம். துபாய் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. படத்தில் ஒரு மண் சுவர், பழைய மரக்கதவு, உள்ளே ஒரு மாதுளை மரம். கீழே பாரசீகத்தில் நாலு வரி.

"எங்க பாட்டி வீடு. என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? கொலங்கி."

'கொலங்' என்றால் பாரசீகத்தில் குந்தாலி. 'கொலங்கி' என்றால் குந்தாலி போட்டு இடிக்க வேண்டிய வீடு. ஈரானில் ஒரு பழைய வீடு விலைக்கு வரும்போது இந்த ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால் போதும், வாங்குகிறவனுக்குப் புரிந்துவிடும். விலை மண்ணுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அந்த விளம்பரத்தில் மனை எத்தனை சதுர மீட்டர், தெரு எவ்வளவு அகலம் என்று இருந்தது. எத்தனை அறை என்பதுகூட இல்லை.

அந்த வீட்டில் நான் நாலு நாள் தங்கியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

துபாயில் இருக்கும் நம்மவர்களுக்குப் பாரசீக வீடு ஒன்றும் புதிதில்லை. தெரியாமலே பார்த்திருப்போம். பர்துபாய் மீனா பஜாரில் சாமான் வாங்கிவிட்டு ஓடைப் பக்கம் நடந்தால் அல் ஃபஹீதி பழைய குடியிருப்பு வரும். மண் நிறச் சுவர்கள், குறுகலான சந்துகள், கூரை மேலே சதுரமாக எழும்பி நிற்கும் காற்றுக் கோபுரங்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய் படம் எடுத்து அனுப்புவோம், 'அரபு வீடு' என்று. அந்த இடத்தின் பழைய பெயர் பஸ்தாக்கியா. தெற்கு ஈரானில் பஸ்தாக் என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் துறைமுகங்களில் சுங்கவரி ஏறியதும் வணிகர்கள் பலர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடல் தாண்டி துபாய்க்கு வந்து குடியேறினார்கள். வரும்போது தங்கள் ஊர்க் காற்றுக் கோபுரத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். 1980களில் அந்தக் குடியிருப்பின் ஒரு பகுதியை இடித்தாகிவிட்டது. மீதியும் போயிருக்கும். அங்கே ஒரு வீட்டைப் புதுப்பித்துக் குடியிருந்த ரெய்னர் ஆட்டர் என்ற பிரிட்டிஷ் கட்டிடக் கலைஞர் பிடிவாதமாக எதிர்ப்புத் தெரிவித்தார். 1989இல் இளவரசர் சார்லஸ் துபாய் வந்தபோது அந்தச் சந்துகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அதோடு இடிப்பு நின்றது.

நண்பருடைய பாட்டி வீட்டுக்கு எந்த இளவரசரும் வரப்போவதில்லை.

2018 மார்ச்சில், நவ்ரூஸ் விடுமுறைக்கு அவரோடு யஸ்துக்குப் போனேன். பாலைவன ஓரத்து ஊர். கோடையில் 40 டிகிரி சர்வசாதாரணம், குளிர்கால இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். வருஷம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 60 மில்லிமீட்டர்தான். நம்மூரில் ஐப்பசியில் ஒரே ராத்திரியில் கொட்டுகிற மழை அது.

தெருவிலிருந்து பார்த்தால் வீடு என்றே சொல்ல முடியாது. வெறும் மண் சுவர். ஜன்னல் கிடையாது. வைக்கோல் கலந்த மண்பூச்சு, 'காஹ்கெல்' என்கிறார்கள். பணக்காரன் வீடும் ஏழை வீடும் வெளியே இருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுதான். கதவில் மட்டும் ஒரு விசேஷம். இரண்டு தட்டிகள். ஒரு பக்கம் கனமான இரும்புத் தண்டு, இன்னொரு பக்கம் லேசான வளையம். ஆண் விருந்தாளி தண்டைத் தட்ட வேண்டும், பெண் வந்தால் வளையத்தை. இரண்டுக்கும் சத்தம் வேறு. உள்ளே இருக்கிறவர்கள் சத்தத்தை வைத்தே யார் போய்க் கதவைத் திறப்பது என்று முடிவு செய்வார்கள். இன்றைக்கு வீடியோ காலிங் பெல் செய்கிற வேலையை இரண்டு இரும்புத் துண்டு செய்திருக்கிறது.

கதவைத் திறந்ததும் நேரே வீட்டுக்குள் போய்விட முடியாது. முதலில் 'ஹஷ்தி' வரும். எட்டுப் பட்டையாக ஒரு சின்ன மண்டபம், மேலே குவிமாடம், சுற்றிலும் உட்காரத் திண்ணை. 'ஹஷ்த்' என்றால் பாரசீகத்தில் எட்டு. நாம் அஷ்டமி, அஷ்டலட்சுமி என்று சொல்லும் அஷ்டத்தின் உறவுக்காரச் சொல். பால்காரர், கணக்கு பார்க்க வந்தவர், வழிப்போக்கர் எல்லாருக்கும் அங்கேயே மரியாதை முடிந்துவிடும். அதைத் தாண்டினால் 'தாலான்'. நம்ம பழைய வீடுகளில் ரேழி இருக்குமே, அது மாதிரி. ஆனால் நேராகப் போகாது, வேண்டுமென்றே ஒரு வளைவு வைத்திருப்பார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலும் உள்ளே இருக்கும் பெண்கள் கண்ணில் படக்கூடாது.

அந்த இருட்டான வளைவைத் தாண்டியதும் வெளிச்சம் முகத்தில் அடித்தது. முற்றம். நடுவில் நீல ஓடு பதித்த தண்ணீர்த் தொட்டி, இரண்டு பக்கமும் பாத்தி, மாதுளை மரம். நாலு பக்கமும் அறைகள் முற்றத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. வெளியே வெறும் மண் சுவராக இருந்த வீடு உள்ளே வேறு முகம் காட்டுகிறது. மேலே தூக்கித் திறக்கும் மரச் சட்டத்து ஜன்னல்களில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கண்ணாடித் துண்டுகள். 'ஒரோசி' என்று அதற்குப் பெயர். காலை வெயிலில் கம்பளத்தின் மேல் விழும் அந்த நிறத்தை எந்த போனிலும் சரியாகப் படம் எடுக்க முடியாது. நான் முயன்று பார்த்தவன்.

வசதியான வீடுகளில் இரண்டு பகுதி இருக்கும். விருந்தாளிகளுக்கு 'பீரூனி', குடும்பத்துக்கு 'அந்தரூனி'. அந்தப்புரம் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். காஷான் நகரத்து போருஜெர்தி வீட்டைப் பார்த்தால் இந்த அமைப்பு தெளிவாகத் தெரியும். 1857இல் ஒரு வணிகருக்காக உஸ்தாத் அலி மரியம் கட்டிய வீடு. வேலை முடிய 18 வருஷம் ஆனதாகச் சொல்கிறார்கள். நண்பர் வீடு அந்த அளவுக்கெல்லாம் இல்லை, நடுத்தரக் குடும்பம். ஆனாலும் இலக்கணம் ஒன்றேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு விஷயம். அந்த வீட்டில் படுக்கையறை, சாப்பாட்டு அறை என்று எதற்கும் பெயர் கிடையாது. அறைக்கு எத்தனை கதவோ அதுதான் பெயர். மூன்று கதவு அறை, ஐந்து கதவு அறை. காலையில் பாய் சுருட்டினால் அது கூடம், துணி விரித்தால் சாப்பாட்டு இடம், ராத்திரி படுக்கை. ஆனால் பருவத்துக்குப் பெயர் உண்டு. முற்றத்தின் வடக்குப் பக்கம், தெற்கே வெயிலைப் பார்த்து நிற்கும் அறைகள் 'ஸெமெஸ்தான் நெஷீன்', அதாவது குளிர்கால இருப்பிடம். எதிரே தெற்குப் பக்கம், வெயில் படாமல் வடக்கே பார்க்கும் அறைகள் 'தாபெஸ்தான் நெஷீன்', கோடை இருப்பிடம். வருஷத்தில் இரண்டு முறை குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு முற்றத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் குடிபோகும். கோடை மதியம் நிலவறைக்குள் இறங்குவார்கள். கோடை இரவில் மொட்டைமாடி. குளிர்காலத்தில் 'கோர்சி', அதாவது கீழே கனல் சட்டி வைத்த குட்டை மேசை. அதன் மேல் பெரிய ரஜாய் போர்த்தி, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் காலை உள்ளே நீட்டிக்கொள்வார்கள். வீட்டைச் சூடாக்குவதில்லை, ஆளைத்தான் சூடாக்குகிறார்கள்.

காற்றுக் கோபுரத்தையும் சொல்ல வேண்டும். பாரசீகத்தில் 'பாத்கீர்', காற்றுப்பிடி. நான் படித்தது மெக்கானிக்கல், பிழைப்பது சாஃப்ட்வேர். நம்ம ஊர் இன்ஜினியர்களுக்கு எழுதி வைத்த விதி இது. கல்லூரியில் மறந்துபோன தெர்மோடைனமிக்ஸ் யஸ்தில்தான் திரும்ப ஞாபகம் வந்தது. கோபுரத்தின் தலையில் இருக்கும் திறப்பு மேலே ஓடும் காற்றைப் பிடித்துக் கீழே தள்ளும். அது நிலவறைத் தொட்டித் தண்ணீர் மேல் பட்டுக் குளிர்ந்து அறைக்குள் வரும். காற்றே இல்லாத நாளிலும் சும்மா இருக்காது. வெயிலில் கோபுரம் சூடாகி உள்ளே இருக்கும் காற்று மேலே ஏறும், அந்த இழுப்பில் கீழிருந்து குளிர்ந்த காற்று அறைக்குள் நகரும். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. யஸ்தின் தௌலதாபாத் தோட்டத்தில் இருக்கும் பாத்கீர் சுமார் 33 மீட்டர் உயரம், ஏறக்குறைய பத்து மாடி. தொட்டிக்குத் தண்ணீர் மலையடிவாரத்திலிருந்து பூமிக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் வெட்டி வந்த 'கனாத்' சுரங்கக் கால்வாய் வழியே வந்தது.

இப்படியெல்லாம் நான் வாய் பிளந்து நின்றபோது நண்பரின் அம்மா சிரித்தார். அவரை நான் 'காலே' என்றுதான் கூப்பிட்டேன். அம்மாவின் சகோதரி என்று அர்த்தம், நம்ம சித்தி, பெரியம்மா மாதிரி. காலே என் கையைப் பிடித்து முற்றத்தின் மூலைக்குக் கூட்டிப்போனார். இருட்டாக, கரி ஏறிய சுவரோடு ஒரு அறை. அதுதான் சமையலறை. "இங்கேயிருந்து அந்தக் கோடி அறைக்கு, ஜனவரி மாசத்துல, கையில சூடான பானையோட, பத்தொன்பது பேருக்கு மூணு வேளை. எங்க மாமியார் நாப்பது வருஷம் நடந்தாங்க, நான் பதினோரு வருஷம் நடந்தேன்." கழிப்பறை முற்றத்தின் எதிர் மூலை. நிலவறைக்கு இருபத்தாறு படி. வருஷத்துக்கு இரண்டு முறை வீடு மாற்றுகிற அழகைப் பற்றிச் சொன்னேனே, அந்த மூட்டைகளைக் கட்டியதும் அவிழ்த்ததும் யார் என்று நான் யோசிக்கவே இல்லை.

பழைய வீட்டைப் பற்றி எழுதுகிற எங்களைப் போன்ற ஆண்கள் பெரும்பாலும் முற்றத்தில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள்தான்.

வீடு எப்போது மாறத் தொடங்கியது? ஈரானில் அதற்குச் சட்டமே இருக்கிறது. ரெஸா ஷா ஆட்சியில் 1933இல் தெருக்களை அகலப்படுத்தும் சட்டம் வந்தது. பழைய நகரங்களின் வளைந்த சந்துகளை வெட்டிக்கொண்டு நேர்கோட்டில் சாலைகள் போட்டார்கள். சாலை ஒரு வீட்டின் நடு முற்றத்தில் பாய்ந்தால் பாதி வீடு போகும், மீதி வீடு தெருவைப் பார்த்து நிற்கும். நூற்றாண்டுக் கணக்கில் உள்ளே பார்த்துக்கொண்டிருந்த வீடு முதல் தடவையாக வெளியே திரும்பியது அப்போதுதான். அதே சமயம் ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்த கட்டிடக் கலைஞர்கள் வேலையைத் தொடங்கினார்கள். பாரீஸில் படித்த வர்தான் ஹொவனேசியான், அங்கே பெயர் வாங்கிய கேப்ரியல் குவேவ்ரெக்கியான் இருவரும் ஆர்மீனிய வம்சாவளியினர். தெஹ்ரானில் அவர்கள் போட்ட வீடுகளில் அகலமான ஜன்னல், பால்கனி, நேரே தெருவுக்குத் திறக்கும் வாசல். 1940இல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் நுண்கலைக் கல்லூரி வந்தபோது அதன் முதல் தலைவர் ஆந்த்ரே கோதார் என்ற பிரெஞ்சுக்காரர். பாடத்திட்டமும் பாரீஸ் பாணிதான். உஸ்தாத் கையிலிருந்து தொழில் பட்டதாரி கைக்குப் போனது. சதுர அறை மேல் குவிமாடம் எழுப்பத் தெரிந்த கொத்தனார் ஒரே தலைமுறையில் கூலிக்காரர் ஆகிவிட்டார்.

மண் குவிமாடத்துக்குப் பதில் இரும்பு உத்தரம் வந்தது. இரண்டு உத்தரங்களுக்கு நடுவே செங்கல்லை லேசான வளைவாகக் கட்டித் தளம் போடுவார்கள். நம்மூர் மெட்ராஸ் டெரஸுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள், மர உத்தரம் இருக்கும் இடத்தில் இரும்பு. சீக்கிரம் கட்டலாம், தட்டையான மாடி கிடைக்கும்.

அப்புறம் ஜனத்தொகை. தெஹ்ரானில் 1956இல் 15 லட்சம் பேர், 1976இல் 45 லட்சம். எண்ணெய்ப் பணம், கிராமத்திலிருந்து வந்த கூட்டம், கார். இதற்கு நடுவில் ஒரு விதி வந்து வீட்டின் தலையெழுத்தையே மாற்றியது: மனையின் வடக்குப் பக்கம் 60 சதவீதத்தில் வீடு, தெற்கே 40 சதவீதம் காலி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, எல்லா வீட்டுக்கும் தெற்கு வெயில் கிடைக்கும். ஆனால் நாலு பக்க வீடு ஒரு பக்க வீடாகிவிட்டது. வீட்டின் நடுவில் இருந்த முற்றம் வீட்டுக்கு முன்னால் இருக்கும் ஒரு இடமாக மாறியது. முன்னால் இருக்கும் இடத்தில் என்ன வரும்? கார்தான் வரும்.

1965இல் அபார்ட்மெண்ட் உரிமைச் சட்டம். ஒரே மனையில் பல குடும்பம் தனித்தனியாகச் சொத்து வைத்துக்கொள்ளலாம். 1970களில் தெஹ்ரானின் மேற்கே எக்பாத்தான் என்று ஒரு பிரம்மாண்டக் குடியிருப்பு எழுந்தது, 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். புரட்சிக்குப் பிறகும் இந்த ஓட்டம் நிற்கவில்லை. 1990களில் தெஹ்ரான் மாநகராட்சி, மேயர் கர்பாஸ்சி காலத்தில், காசு கட்டினால் விதியில் உள்ளதைவிடக் கூடுதல் மாடி கட்டிக்கொள்ளலாம் என்று அனுமதியை விற்கத் தொடங்கியது. நகராட்சிக்கு வருமானம், மனைக்காரருக்கு லாபம். 'பெசாஸ் ஓ பெஃப்ரூஷ்', அதாவது கட்டு விற்றுவிடு என்று ஒரு தொழிலே உருவானது. 'கொலங்கி' என்ற சொல்லுக்கு இவ்வளவு மவுசு வந்தது இப்படித்தான்.

இந்த அபார்ட்மெண்டுகளுக்குள் போனால் பழைய வீட்டின் ஆவி அங்கங்கே உலாவும். காலேயின் மூத்த மகள் வீடு தெஹ்ரானில் நாலாவது மாடி. வாசலைத் திறந்தால் நேரே கூடம், ஹஷ்தியும் இல்லை வளைவும் இல்லை. கூடத்தின் பாதியில் விருந்தாளிகளுக்கென்று கில்ட் போட்ட சோபா செட், அதில் வீட்டார் உட்காருவதில்லை. பீரூனி அங்கே சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. சமையலறை மேடை திறந்தபடி கூடத்தைப் பார்க்கிறது. இதற்கு ஈரானியர்களும் 'ஓப்பன்' என்றே சொல்கிறார்கள். வீட்டின் கடைசி மூலையில் கரி பிடித்து இருந்த அடுப்படி நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. சமைக்கிற பெண் பேச்சில் கலந்துகொள்கிறாள். ஆனால் வெளி ஆண்கள் வந்தால் முக்காடு போட்டுக்கொண்டே குழம்பு கிளற வேண்டும். சில வீடுகளில் அந்த ஓப்பனுக்குத் திரை தொங்குவதும் உண்டு. ஜன்னல்கள் பெரியவை, ஆனால் எதிர் வீட்டுக்காரர் கண் படும் என்பதால் கனத்த திரை பகலிலும் மூடியே இருக்கும். தெருவைப் பார்த்து ஜன்னல் வைத்தாகிவிட்டது, திறக்கத்தான் முடியவில்லை.

காலேயிடம் கேட்டால் அவர் ஓப்பனுக்குத்தான் ஓட்டுப் போடுவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பழைய வீட்டை வானளாவப் புகழும்போது இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2003 டிசம்பர் 26 விடியற்காலை பாம் நகரத்தில் நிலநடுக்கம். சுமார் 26,000 பேர் இறந்தார்கள். பச்சை மண் செங்கல் வீடு விழுந்தால் பொடியாகிவிடும், இடிபாட்டுக்குள் மூச்சுவிட இடைவெளிகூட இருக்காது. அதே ஊரில் ஒழுங்காகப் பிணைக்காத இரும்பு உத்தரத் தளங்களும் சரிந்து ஆட்களைக் கொன்றன. ஆக மண் வீடுதான் குற்றவாளி, இரும்பு நல்லது என்றும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தாய், பிள்ளைகளை எங்கே படுக்கவைப்பது என்று யோசிக்கும்போது கான்கிரீட் தூண் பக்கம் சாய்வதை நாம் குறை சொல்ல முடியுமா?

புது வீட்டின் நடுக்கத்தை ஈரானியர்களே சினிமாவில் காட்டிவிட்டார்கள். தாரியூஷ் மெஹ்ர்ஜுயியின் 'குடித்தனக்காரர்கள்' 1980களின் பிரபலமான நகைச்சுவைப் படம். இடிந்து விழும் அபார்ட்மெண்டில் யார் ரிப்பேர் செய்வது என்று எல்லாரும் சண்டை போடுவார்கள். அஸ்கர் ஃபர்ஹாதியின் 'சேல்ஸ்மேன்' 2016இல் வந்தது. பக்கத்து மனையில் இயந்திரம் தோண்டுகிறது, இந்தக் கட்டிடம் விரிசல் விடுகிறது, ராத்திரியோடு ராத்திரியாக எல்லாரும் இறங்கி ஓடுகிறார்கள். படமே அங்கேதான் ஆரம்பம்.

சரி, பழைய வீடு மொத்தமாகச் செத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. யஸ்தின் பழைய நகரம் 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கேயும் காஷானிலும் பல முற்றத்து வீடுகள் இப்போது ஓட்டல்கள். நீலத் தொட்டியைச் சுற்றிக் கட்டில் போட்டு வெளிநாட்டுக்காரர்கள் டீ குடிக்கிறார்கள். காப்பாற்றியாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் அதில் யாரும் குடியிருக்கவில்லை. நம்மூர்ச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், தெஹ்ரானில் 2013இல் அலிரெஸா தகாபோனி வடிவமைத்த ஷரீஃபிஹா வீடு. ஏழு தளம், முகப்பில் மூன்று அறைகள் பெட்டி மாதிரி. பட்டனை அழுத்தினால் அறை அப்படியே 90 டிகிரி சுழன்று வெளியே நீளும். கோடையில் வெளியே திருப்பினால் திறந்த மாடங்கள், குளிர்காலத்தில் உள்ளே இழுத்தால் மூடிய சுவர். கோடை இருப்பிடம், குளிர்கால இருப்பிடம் என்ற பழைய யோசனைதான். முன்பு பருவத்துக்கு ஏற்ப மனிதர்கள் அறை மாறினார்கள், இங்கே அறையே இடம் மாறுகிறது. யோசனை அருமை, மறுக்க மாட்டேன். ஆனால் தெஹ்ரானில் எத்தனை பேருக்கு மோட்டார் வைத்த படுக்கையறை கட்டுப்படியாகும்? எனக்கென்னவோ, தெற்கே ஒரு மரம், ஜன்னலுக்கு மேலே சரியான நீளத்தில் ஒரு நிழல் மறைப்பு, குறுக்கே காற்று போக வழி, இந்த மூன்றையும் சாதாரண நாலு மாடிக் கட்டிடத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் கொடுத்தாலே பாதிப் பாரசீக வீடு திரும்பி வந்துவிடும் என்று தோன்றுகிறது. அதற்குக் காசு அதிகம் வேண்டாம். கேட்பதற்கு ஆள் வேண்டும்.

நண்பரின் பாட்டி வீடு யுனெஸ்கோ எல்லைக்கு வெளியே இருக்கிறது, அதனால் தடை ஒன்றுமில்லை. பங்குதாரர்கள் மொத்தம் பதினோரு பேர். மூன்று பேர் வெளிநாட்டில். ஓட்டலாக்க ஒருவர் கேட்டார், ஆனால் பழுது பார்க்கும் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு ஆளையே காணோம். கடைசியில் ஒரு பில்டரோடு பேச்சு படிந்திருக்கிறது. மனை குடும்பத்தினுடையது, கட்டுமானச் செலவு அவருடையது, வரும் வீடுகளை இரு தரப்பும் பிரித்துக்கொள்வது. சென்னைக்காரர்கள் ஜாயிண்ட் வென்ச்சர் என்பார்களே, அதேதான். நண்பருக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வருஷத்துக்குப் பத்து நாள் போய் வருகிறவன் எந்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்வது என்று கேட்கிறார். நானும் ஊரில் உள்ள எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

காலே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டே இரண்டு கேட்டிருக்கிறார். ஒன்று லிஃப்ட். இன்னொன்று, தெற்கே காலியாக விடப்போகும் 40 சதவீதத்தில் அந்த மாதுளை மரம் அப்படியே நிற்க வேண்டும். லிஃப்டுக்கு பில்டர் உடனே சரி சொல்லிவிட்டார். மரம் நிற்கும் இடத்தில்தான் கார் இறங்கும் சரிவு வருகிறதாம். வரைபடத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், புதியது இன்னும் வரவில்லை.